கறிவேப்பிலை யார் கை பட்டு வாடுகிறது?

"என்னைக் கறிவேப்பிலை மாதிரி ஆக்கிவிட்டார்கள்!" இந்தப் பேச்சு ஒரு முறையாவது எழாத வீடு உண்டா? தாளிக்கும்போது வேண்டும், சாப்பிடும்போது வேண்டாம். ரசத்தில் மணக்க வேண்டும், இலையில் ஓரமாக ஒதுங்க வேண்டும். நம் பெண்கள் தங்கள் நிலைமையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உவமையை இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஆனால், இலையை ஒதுக்குகிற அவசரத்தில் செடியை நாம் கவனிப்பதே இல்லை. "எங்க வீட்டுல கறிவேப்பிலை வைச்சா வரவே மாட்டேங்குது." "நல்லா இருந்த செடி, திடீர்னு பட்டுப் போச்சு." "ஒரே குச்சியா உசரமா போகுது, இலையே இல்லை." இந்த மூன்று புகாரையும் நான் கேட்காத மாதமே இல்லை. போதாக்குறைக்கு, செடி வாடினால் பழி எங்கே போய் விழும்? வீட்டிலிருக்கும் பெண்ணின் தலையில்தான்! "யாரோ தொடக்கூடாத நாள்ல தொட்டிருக்காங்க" என்று ஒரு வார்த்தை வந்துவிடும்.

முப்பது வருஷமாக இந்தச் செடியோடு பழகியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். செடி எப்படி வளர்கிறது, எப்போது வளர்கிறது, எப்போது வளராமல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். செடியும் பிழைக்கும், வீட்டுப் பெண்ணும் வீண் பழியிலிருந்து பிழைப்பாள்.

காட்டில் பிறந்தது

கறிவேப்பிலை நம் கொல்லைப்புறத்துக்கு வருமுன் காட்டில் இருந்தது. இமயமலையின் அடிவாரத்தில் பெரிய பெரிய சால மரங்கள் நிற்கும் காடுகளில், அந்த மரங்களின் நிழலில் அடிப்புதராக இன்றும் தானாகவே வளர்கிறது. தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. இந்தியில் இதற்கு 'மீட்டா நீம்' என்று பெயர். அதாவது இனிப்பு வேம்பு. நாமும் வேம்பின் பெயரைத்தான் சேர்த்து வைத்திருக்கிறோம். இலை பார்க்க அப்படி இருக்கிறதே தவிர, வேம்புக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், இவைதான் கறிவேப்பிலையின் சொந்தக்காரர்கள்!

நம்பிக்கை வரவில்லையா? ஓர் இலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒளி ஊடுருவித் தெரியும். எலுமிச்சை இலையிலும் இதே புள்ளிகள் உண்டு. அவ்வளவும் வாசனை எண்ணெய் நிறைந்த பைகள். இலையைக் கசக்கினால் பை உடைகிறது, கமகமவென்று மணக்கிறது.

நம் சமையலுக்கு இது புதுசும் அல்ல. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில், மாதுளம் பிஞ்சோடும் மிளகோடும் சேர்த்துச் சமைக்கிற தளிராக இதைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இதன் பெயர் கஞ்சகம்.

தாவர நூலில் இதற்குள்ள பெயரிலும் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற வைத்தியர் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். செடிகொடிகளைச் சேகரிப்பதில் பெரிய பித்து உள்ளவர். அவர் நினைவாகத்தான் அவருடைய ஆசிரியர் லின்னேயஸ், 1771-ல் இந்தச் செடிக்கு 'பெர்கெரா கோனிகி' என்று பெயர் வைத்தார். பிறகு பல காலம் 'முர்ரயா கோனிகி' என்று வழங்கி, இப்போது பலர் பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறார்கள்.

மரமா, செடியா?

விட்டால் இது 15 அடி, 20 அடி உயரம்கூடப் போய்ச் சின்ன மரமாக நிற்கும். ஆனால் குணம் என்னவோ புதரின் குணம்தான். மா, பலா மாதிரி ஒரே அடிமரமாகத் தனித்து நிற்பதில் இதற்குச் சந்தோஷம் இல்லை. வேர்கள் மண்ணின் மேல்பாகத்திலேயே பக்கவாட்டில் ஓடும். ஓடும் வழியில், அங்கங்கே வேரிலிருந்து புதிய குருத்துகள் தலைநீட்டும். தாய்ச்செடியைச் சுற்றி நாலடி, ஐந்தடி தள்ளிக்கூட ஒரு குட்டி முளைத்து நிற்கிறதே, அது விதையிலிருந்து வந்தது என்று நினைக்கிறோம். தோண்டிப் பார்த்தால் தாயின் வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்! இதைத்தான் பக்கக் கன்று என்கிறோம்.

காட்டில் இந்தக் குணம் அதற்கு ரொம்ப உபயோகம். மேலே இருக்கும் தண்டை மாடோ மானோ கடித்துவிட்டாலும், காட்டுத்தீயில் கருகிவிட்டாலும், வேர் பிழைத்திருந்தால் போதும், மறுபடி குடும்பம் தழைத்துவிடும். ஆகையால் வீட்டுச் செடியின் தண்டு காய்ந்துவிட்டால் அவசரப்பட்டு வேரோடு பிடுங்கி எறியாதீர்கள். தரையோடு வெட்டிவிட்டு, லேசாக ஈரம் காட்டி, இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

நுனியில் இருக்கிறது சூட்சுமம்

"ஒரு ஆர்க்கு கறிவேப்பிலை" என்று சமையல் குறிப்பில் எழுதுகிறோம் அல்லவா? அந்த ஆர்க்கு முழுவதும் சேர்ந்துதான் தாவர நூல் கணக்கில் ஒரே ஓர் இலை. அதில் இரண்டு பக்கமும் இருக்கும் பத்து இருபது சின்ன இலைகள் அந்த இலையின் பிரிவுகள், அவ்வளவுதான்.

இது தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபம் இருக்கிறது. ஒவ்வோர் ஆர்க்கும் தண்டில் சேரும் இடுக்கைக் கூர்ந்து பாருங்கள். கடுகு போல் ஒரு மொட்டு பதுங்கியிருக்கும். அதுதான் நாளைய கிளை. ஆனால் அது சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். ஏன்? தண்டின் நுனியில் இருக்கும் குருத்து, "நான் வளர்ந்துகொண்டிருக்கிறேன், நீங்கள் பேசாமல் இருங்கள்" என்று ஒருவித ரசத்தைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நுனி இருக்கும்வரை அதன் அதிகாரம்தான். நுனியைக் கிள்ளிவிட்டால் கீழே உள்ள மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு, மூன்று கிளைகள் வரும்.

இப்போது நம் வீடுகளில் என்ன செய்கிறோம் என்று யோசியுங்கள். அடுப்பில் எண்ணெய் காய்கிறது. ஓடிப்போய், கைக்கு எட்டுகிற ஆர்க்கைப் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு. ஆர்க்கு வரும்போது, தண்டின் பட்டை ஒரு நூலளவு உரிந்து வரும். இடுக்கில் இருந்த மொட்டும் கூடவே போய்விடும். நுனியை மட்டும், "பாவம், குருத்து, வளரட்டும்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வருஷத்தில் செடி எப்படி இருக்கும்? கீழே மொட்டைக் குச்சி, உச்சியில் ஒரு சின்னக் குடை! அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறித்தான் பறிக்க வேண்டும்.

தலைகீழாகச் செய்யுங்கள். கத்தரிக்கோலால், நுனித் தண்டோடு மூன்று நாலு ஆர்க்குகளைச் சேர்த்து, கீழே உள்ள ஓர் ஆர்க்குக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அன்றைய சாம்பாருக்கும் ஆச்சு, செடிக்குக் கிளையும் ஆச்சு. செடி முழங்கால் உயரம் தாண்டியதும் முதல் முறை நுனியைக் கிள்ளுங்கள். வருகிற கிளைகளில் நல்லதாக ஐந்தாறை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். இடுப்பளவுக்கு மேல் போக விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால், செடி அடர்ந்து புதராக நிற்கும். விற்பனைக்கு வளர்க்கிற காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்து விவசாயிகள் செய்வதும் இதேதான். அவர்கள் தோட்டத்தில் மரமே இருக்காது. வரிசை வரிசையாகப் புதர்தான்!

பூ பூப்பதும் நுனியில்தான். வெள்ளை வெள்ளையாகக் கொத்தாகப் பூக்கும், மணமாகவும் இருக்கும். ஆனால் பூங்கொத்து வந்துவிட்டால் அந்தக் கிளை அத்தோடு நீள்வதை நிறுத்திவிடும். சத்தெல்லாம் காய்க்குப் போகும். சின்னச் செடியாக இருந்தால் பூவை மொட்டிலேயே கிள்ளிவிடுங்கள். பெரிய செடியில் ஒரு கிளையை மட்டும் விதைக்கென்று விட்டால் போதும்.

தை மாதத்துத் தூக்கம்

இனி முக்கியமான சமாசாரத்துக்கு வருகிறேன். கறிவேப்பிலைக்கு வெயில் பிடிக்கும், உஷ்ணம் பிடிக்கும். குளிர் பிடிக்காது. மார்கழி பிறந்து பகல் குறுகி, ராத்திரி குளிர ஆரம்பித்ததும், குருத்து விடுவதை நிறுத்திக்கொள்ளும். பழைய இலைகள் மஞ்சளாகி, ஒவ்வொன்றாக உதிரும். அதற்கு முன் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் ஊறிப்போயிருக்கும்; மண்ணில் இருந்த சத்தும் கரைந்து போயிருக்கும். எல்லாம் சேர்ந்து தை மாதத்தில் பார்த்தால், செடி நோயில் படுத்து எழுந்தவள் மாதிரி நிற்கும். சந்தையில் அந்த நாளில் கறிவேப்பிலை விலை ஏறுவதும், கொசுறு கேட்டால் காய்கறிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இதனால்தான்.

தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுத்த இரண்டு ரகங்களில்கூட இந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். தார்வாட் 1 என்ற ரகம் நல்ல மணம் உள்ளது. ஆனால் குளிர்காலத்தில் சரியாகத் துளிர்க்காது. தார்வாட் 2 குளிரைத் தாங்கித் துளிர்க்கும். ஆக, செடி வாடுவதும் தளிர்ப்பதும் அதன் ஜாதியையும் பருவத்தையும் பொறுத்தது. பறிக்கிறவளின் தேதியைப் பொறுத்தது அல்ல!

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன், எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இளம் மருமகள். கைக்குழந்தைக்கு நாலு மாதம் இருக்கும். கார்த்திகையில் தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். தை பிறந்ததும் அந்த வீட்டு முற்றத்துக் கறிவேப்பிலை மஞ்சள் பூத்து, இலை கொட்ட ஆரம்பித்துவிட்டது. பத்து வருஷச் செடி. மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "இவ வந்து கால் வைச்சா, செடி பட்டுப் போச்சு. விலக்கு நாள்ல தொட்டிருப்பா. கேட்டா இல்லைன்னு சாதிக்கிறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பால் கொடுக்கிறவள் வயிறு காயலாமா? "அக்கா, நான் அந்தப் பக்கமே போகலைக்கா" என்று என்னிடம் அழுதாள்.

நான் அந்த அம்மாளிடம் வாதாடவில்லை. "பெரியம்மா, எங்க வீட்டுச் செடியைக் கொஞ்சம் வந்து பார்த்துட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். என் செடியும் அதே மஞ்சளாக, அதே மாதிரி இலை கொட்டிக்கொண்டு நின்றது.

"உன் செடிக்கும் ஆகாத கை பட்டிருச்சா?" என்றார்.

"யார் கை பெரியம்மா படும்? நானும் அவருமா ரெண்டு பேர்தான் வீட்டுல. எனக்கு அதெல்லாம் நின்னு நாலு வருஷமாச்சு. அவருக்கு என்னிக்குமே வந்ததில்லை!"

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "ஆனாலும் பெரியவங்க சொன்னது பொய்யா இருக்குமா?" என்றார். "பங்குனி வரைக்கும் பொறுங்க, தண்ணியை மட்டும் குறைச்சு ஊத்தச் சொல்லுங்க" என்று அனுப்பினேன். அவர் வீட்டுச் செடியின் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டியும் காட்டினேன். உள்ளே பச்சையாக இருந்தது. உயிர் இருக்கிற தண்டு அப்படித்தான் இருக்கும். பழுப்பாக, உலர்ந்து இருந்தால்தான் பட்டுப்போனது என்று அர்த்தம்.

மாசிக் கடைசியில் வெயில் ஏற ஏற, செடி முழுக்கத் தாமிர நிறத்தில் குருத்து. அந்த அம்மாள் மருமகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது, சமையலறையிலிருந்தே, "ஏம்மா, போய் நாலு ஆர்க்கு வெட்டிக்கிட்டு வா. கத்தரிக்கோல் ஜன்னல்ல இருக்கு" என்று குரல் கொடுத்தார். எந்த நாள் என்று கேட்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மாதவிலக்கு என்பது பெண் உடம்பின் இயற்கை. பிரசவமும் அப்படியே. அந்த நாட்களில் கையில் விஷமும் ஏறுவதில்லை, மூச்சில் அனலும் வீசுவதில்லை. செடியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பத்து வேலைச் சுமையிலிருந்து மூன்று நாள் ஓய்வு கிடைக்கட்டும் என்று ஏற்பட்ட வழக்கம் என்பார்கள் சிலர். அப்படியே இருந்தாலும், ஓய்வு கொடுப்பதற்குப் பழி சொல்ல வேண்டிய அவசியம் என்ன? இதை நம் வீட்டு வயசுப் பெண்களிடமும் சொல்லி வையுங்கள். வயதுக்கு வந்த பெண்குழந்தை செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பயந்து ஒதுங்கி நிற்கக் கூடாது.

கன்று கிடைப்பது எப்படி?

பக்கக் கன்றுதான் சுலபம். தாய்க்கு என்ன மணமோ, அதே மணம் கன்றுக்கும் இருக்கும். ஒரு ஜாண் வளர்ந்த கன்றாகப் பாருங்கள். உடனே பிடுங்காதீர்கள். மழைக்காலம் ஆரம்பிக்கையில், தாயோடு சேர்ந்திருக்கும் வேரை மட்டும் கத்தியால் ஒரு பக்கம் வெட்டிவிட்டு, கன்றை அங்கேயே மூன்று வாரம் விட்டுவையுங்கள். அதற்குள் தனக்கென்று சொந்த வேர் விட்டுக்கொள்ளும். பிறகு மண்கட்டியோடு எடுத்து நடலாம். அவசரமாகப் பிடுங்கிய கன்று பத்துக்கு எட்டு காய்ந்துதான் போகும்.

விதை போடுவதானால், ஆனி, ஆடியில் பழுக்கிற கறுப்புப் பழங்களை எடுங்கள். குயிலும் கொண்டைக்குருவியும் முந்திக்கொள்ளும். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பழத்தின் சதையைக் கையால் பிசைந்து நீக்கி, கழுவி, இரண்டு மூன்று நாளுக்குள் விதைத்துவிட வேண்டும். மற்ற விதைகளைப் போல் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தால் உயிர் போய்விடும். சுமார் மூன்று வாரத்தில் முளைக்கும். முதல் வருஷம் ஆமை வேகம்தான். பொறுமை வேண்டும். ஒரு எச்சரிக்கை: பழத்தின் சதை தித்திப்பாக இருக்கும் என்று குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். உள்ளிருக்கும் விதையைக் கடித்துத் தின்ன விடாதீர்கள்.

காட்டுச் செடி என்று சொன்னேன் அல்லவா? அதன் குழந்தைப் பருவம் மரநிழலில்தான். ஆகவே இளங்கன்றை நடு மதிய வெயிலில் வைக்க வேண்டாம். ஆறு மாதம் சிதறல் வெயிலில் வளர்த்து, பிறகு நல்ல வெயிலுக்கு மாற்றுங்கள். வளர்ந்த செடிக்குத் தினம் ஐந்தாறு மணி நேர வெயில் இருந்தால்தான் இலை அடர்த்தியாக வரும்.

தொட்டியில் வைக்கிறவர்களுக்கு

ஃபிளாட்டில் இருக்கிறோம், மண் ஏது என்று கவலைப்பட வேண்டாம். புதராக வளரும் செடி என்பதால் தொட்டி இதற்குச் சௌகரியமே. ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டி நல்லது. அடியில் ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். வீட்டில் செத்துப்போகும் கறிவேப்பிலைகளில் பெரும்பாலானவை தாகத்தால் சாவதில்லை, வேர் அழுகித்தான் சாகின்றன!

புளித்த மோரை நாலு பங்கு தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுவது பாட்டிமார் கைவைத்தியம். உப்புப் போடாத மோராக இருக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீரும் ஊற்றலாம். பாத்திரம் தேய்த்த தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அந்தக் காலத்தில் சாம்பலும் புளியும், இப்போது சோப்பு. இரண்டும் ஒன்றல்ல.

முதல் வருஷத்தில் செடியை மொட்டையடிக்காதீர்கள். அதற்கு இலைதான் சமையலறை. சமையலறையைப் பிடுங்கிவிட்டால் யார்தான் பிழைப்பார்கள்?

பூச்சியும் பூச்சிமருந்தும்

இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். துடைக்கப் போனால் நகரும்! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டிப்புழு அது. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது. வளர்ந்ததும் பச்சை நிறமாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி ஒரு நெடியை விடும். அவ்வளவுதான், கடிக்காது. குழந்தைகளுக்குக் காட்டுங்கள். நாலைந்தை எடுத்து வேலியோரத்து எலுமிச்சையிலோ வேறு கிளையிலோ விட்டுவிட்டால் போதும்.

குருத்தைச் சுருட்டுகிற சின்னத் தத்துப்பூச்சிதான் தொல்லை. சுருண்ட நுனியை வெட்டி எறியுங்கள். அதிகமானால், ஒரு லிட்டர் தண்ணீரில் 3 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்துப் பறியுங்கள்.

விற்பனைக்கு வளர்க்கிற இடங்களில் இதே பூச்சிக்குக் கடுமையான மருந்துகளை அடிப்பவர்கள் உண்டு. இலையைப் பறித்து உடனே விற்கிற பயிர் ஆகையால், மருந்தும் கூடவே வந்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை ஐரோப்பிய நாடுகள் பூச்சிமருந்து எச்சத்துக்காகத் தனியாகச் சோதிக்கும் அளவுக்கு விஷயம் போயிருக்கிறது. கடையில் வாங்கினால் ஓடுகிற தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். புளித்தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு எடுப்பதும் நல்லது. மேலே ஒட்டியது போகும். உள்ளே ஊறியது முழுக்கப் போகாது. கைக்குழந்தைக்குப் பருப்புசாதம் பிசைகிற வீட்டில் சொந்தச் செடி ஒன்று இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அடுப்படியில்

வாசனை எண்ணெய் சூட்டில் பறந்துவிடும். கடுகு வெடித்த பிறகு, கடைசியில் இலையைப் போட்டு உடனே இறக்குங்கள். வெயிலில் காயவைத்தால் மணம் போய்விடும், நிழலில் உலர்த்துங்கள்.

100 கிராம் இலையில் 600 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரசத்தில் மிதக்கும் ஓர் ஆர்க்கு ஒரு கிராமோ இரண்டு கிராமோதான், அதையும் ஒதுக்கிவிடுகிறோம்! சத்து உடம்பில் சேர வேண்டுமானால் துவையலாகவோ பொடியாகவோ சாப்பிட வேண்டும். இரண்டு கைப்பிடி இலையை வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு இரண்டு கரண்டி, மிளகாய் நாலு, கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு சேர்த்துப் பொடியுங்கள். சுடுசாதத்தில் நெய் விட்டுப் பிசைந்தால் ஒதுக்குகிற பேச்சே இல்லை. முடி கருகருவென்று வளரும் என்று மட்டும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்!

மாதவாரிக் குறிப்பு

மார்கழி, தை: செடி தூங்கும் காலம். தண்ணீரைக் குறைக்கவும். எரு வேண்டாம். இலை உதிர்ந்தால் கவலையும் வேண்டாம், பழியும் வேண்டாம்.

மாசிக் கடைசி: காய்ந்த குச்சிகளை வெட்டவும். உயரமான தண்டுகளை இடுப்பளவுக்குக் குறைக்கவும். ஒரு கூடை மக்கிய எரு போடவும்.

பங்குனி: குருத்து வரும். மோர்த்தண்ணீர் ஊற்றலாம்.

சித்திரை, வைகாசி: பூக்கிற காலம். பூங்கொத்தைக் கிள்ளவும். வெயில் கடுமையானால் தினம் தண்ணீர்.

ஆனி, ஆடி: பழம். விதை போடவும், பக்கக் கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கவும்.

ஆவணி, புரட்டாசி: நன்றாக வளரும் காலம். நுனியோடு வெட்டி வெட்டி எடுக்கவும்.

ஐப்பசி, கார்த்திகை: தொட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்க்கவும்.

இந்த ஆடியில் நீங்களும் ஒரு கன்று வையுங்களேன். புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண் வீட்டில் இருந்தால், அவள் கையாலேயே நடச் சொல்லுங்கள், நாள் கிழமை பார்க்காமல்!